சீனி போடாத தேத்தண்ணி

எங்கம்மாவ நான் லோரின்னுதான் கூப்புடுவேன். டயர் கடைல வேலை செய்றவன் பெத்த தாய்க்கு வேற என்ன பேரு வெப்பான்? வேலை முடிஞ்சு வந்து வாசல்ல செருப்ப கழட்டும்போதே, "லோரி எங்க பார்க்கிங் போட்டுருக்கு? ரிவர்ஸ் எடுக்க ஆளு வேணுமா?"ன்னு கத்துவேன். அம்மாவும் லேசுப்பட்ட ஆளு இல்ல. "ஆமாடா, இந்த லோரிலதான் நீ பத்து மாசம் ஓசில வந்த. இருபத்தி நாலு வயசாச்சு, இன்னும் எறங்க மாட்டேங்குற"ன்னு திருப்பி குடுக்கும்.

அப்படி ஓடிக்கிட்டு இருந்த வீடுதான்.

நாங்க இருக்குறது ஜோகூர்ல, பெர்மாஸ் ஜெயா பக்கம் ஒரு மலிவு விலை பிளாட்டு. நாலாவது மாடி. லிப்ட் கெடையாது. அப்பா செத்ததுக்கு அப்பறம், பண்டார் தெங்காரா பக்கத்து செம்பனை தோட்டத்துலேர்ந்து நானும் அம்மாவும் இங்க வந்தோம். எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. அம்மா ஸ்கூல் கேண்டீன்ல மங்கு, தட்டு கழுவுற வேலைக்கு போச்சு. அந்த மாடிப்படிய ஒரு நாளைக்கு நாலு தடவ ஏறி எறங்கும், மூச்சு கூட வாங்காது. நான் மூனாம் படிவத்தோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டின அன்னிக்கு, வெளக்கமாத்த தூக்கிக்கிட்டு நாலு மாடியும் வெரட்டி எறங்குச்சு. அவ்வளோ வேகமா ஓடின காலு அது.

சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா குளிச்சு, பவுடர் போட்டு, கீழ எறங்கிடும். பிளாக்குக்கு கீழ ஒரு மரம், அதுக்கு அடில ஒரு சிமெண்ட் பெஞ்சு. அஞ்சாறு பொம்பளைங்க அங்கதான் உக்காருவாங்க. நான் அத பெஞ்சு பார்லிமெண்டுன்னு சொல்லுவேன். யார் வீட்டு பொண்ணு யார் மோட்டார்ல ஏறுச்சு, யார் வீட்டு மாப்ள சிங்கப்பூர் வேலைய விட்டுட்டு வந்துட்டான், எல்லா மசோதாவும் அங்கதான் பாஸ் ஆகும். அம்மாதான் அதுக்கு தலைவி. அம்மா வந்து உக்காந்தாதான் கூட்டமே ஆரம்பிக்கும்.

முட்டி போனதும் அந்த பதவி போச்சு.

மொதல்ல படி எறங்கும்போது ஒவ்வொரு மாடிலயும் நின்னுச்சு. அப்பறம் வாரத்துக்கு ஒரு தடவதான் எறங்குச்சு. அப்பறம் கிளினிக்குக்கு போற அன்னிக்கு மட்டும், அதுவும் நான் ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். அஞ்சு மணிக்கு குளிச்சு பவுடர் போடுறது மட்டும் நிக்கல. காரிடோர் செவுத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு மேலேர்ந்தே பேசும். கீழேர்ந்து அவங்க கத்துவாங்க, மேலேர்ந்து இது கத்தும். ரகசியம் பேச முடியாதுல்ல. ரகசியம் இல்லாம அந்த பெஞ்சுல என்ன பேச்சு இருக்கு?

அப்பதான் நான் அந்த வாளிய கட்டுனேன். சின்ன செவப்பு வாளி, நீல கலர் நைலான் கயிறு. காய்கறி வேன் வந்தா வாளிய எறக்கும், முதல் மாடில இருக்குற அக்கா வாங்கி போடுவாங்க, அம்மா தூக்கிக்கும். வெள்ளிக்கெழமை ஆனா பூ வரும். கயிறு கட்டும்போது நான் சொன்னேன், "ரெண்டு மூனு மாசத்துக்குத்தான்மா. முட்டி ஆப்பரேஷன் முடிஞ்சதும் இந்த கயித்துலயே உன்ன கட்டி எறக்குறேன்."

"கயிறு தாங்குமா?"ன்னு கேட்டுச்சு.

"லோரி கட்டுற சங்கிலிதான் வாங்கணும்."

சிரிச்சோம். ரெண்டு பேருமே சிரிச்சோம்.

முட்டி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரில பாத்தாரு. படத்த வெளிச்சத்துல வெச்சு காட்டி, எலும்பும் எலும்பும் உரசுது, மாத்தித்தான் ஆகணும், ஆனா இப்ப மாத்த முடியாதுன்னாரு. அம்மா தொண்ணூத்தி எட்டு கிலோ. எண்பத்தஞ்சுக்கு வரணும். தைராய்டு ரத்த டெஸ்டும் ஒழுங்கா வரணும். ரெண்டும் வந்தா கத்தி வெப்பேன், இல்லாட்டி வெக்க மாட்டேன். அவ்வளோதான் கணக்கு. பதிமூனு கிலோ எறங்குனா அம்மா மாடி எறங்கும்.

தைராய்டுன்னா கழுத்துல இருக்குற ஒரு சின்ன சாமான். அம்மாவுக்கு அது சோம்பேறியாயிடுச்சு. எனக்கு எப்படி வெளங்குச்சுன்னா, எஞ்சின் ஐட்லிங் கொறஞ்சு போற மாதிரி. காடி நிக்காது, ஆனா ஓடவும் ஓடாது. ஊத்துற எண்ண எரியாம அப்படியே டாங்கில நிக்கும். ஜோகூர் வெய்யில்ல, ஃபேன கூட போடாம, ஸ்வெட்டர் போட்டு உக்காந்துருந்த ஒரே பொம்பள எங்கம்மாதான். மூஞ்சி உப்பி, முடி கொட்டி, குரலு ஆம்பள குரலு மாதிரி கட்டி போச்சு. போன்ல பேசுனா, "என்னங்க ஐயா"ம்பாங்க. நான் அதையும் விடல. "அப்பா இல்லாத கொறைய நீயே தீத்து வெச்சுட்ட"ன்னு சொன்னேன். அம்மா தட்ட தூக்கி அடிச்சுச்சு, குறி தப்பிருச்சு.

மாத்திரை குடுத்தாங்க. அப்ப அறுபது வயசு அம்மாவுக்கு. தெனமும் காலைல அரை, ஆயுசுக்கும். மருந்து கவுண்டருக்கு நான்தான் போனேன், அம்மா தூரமா நாற்காலில உக்காந்துருந்துச்சு. இத இப்பவே சொல்லி வெக்கிறேன், பின்னாடி வேணும்.

சாப்பாட்ட கொறைச்சோம். கொறைச்சோம்னா, அம்மா கொறைச்சுச்சு, நான் காவல் காத்தேன். சோறு ஒரு கைப்பிடி. தேங்கா பால் கெடையாது. தேங்கா பால்ல பொங்குன நாசி லெமாக் சோத்து வாசன வந்தா மூக்க பொத்திக்கணும். நிறுக்குற மெஷின் ஒன்னு வாங்கி ஹால்ல வெச்சேன். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ஏத்துவேன். அம்மா கண்ண மூடிக்கிட்டு செவுத்த புடிச்சுக்கிட்டு ஏறும்.

"செவுத்த விடும்மா. செவுத்து வெயிட்டும் சேந்துக்க போவுது."

"எவ்வளோடா?"

"தொண்ணூத்தி எட்டர."

"போன வாரம் தொண்ணூத்தி எட்டுதானே?"

"காத்து குடிச்சியா? காத்துல கொழுப்பு இருக்கா?"

ஆறு மாசம் இப்படி. ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூனு வருஷம் இப்படி. எறங்கவே இல்ல. ஒரு கிலோ எறங்கும், ஒன்ற கிலோ ஏறும். மூனு நாலு மாசத்துக்கு ஒரு தடவ கிளினிக்குல ரத்தம் எடுப்பாங்க, சரியில்லம்பாங்க, மாத்திரைய கூட்டுவாங்க. அரை வந்து ஒன்னாச்சு, ஒன்னு ஒன்றையாச்சு, அப்பறம் ரெண்டாச்சு. அம்மா கஞ்சி தண்ணிய குடிச்சுட்டு உக்காந்துருக்கும், நான் எதுக்க உக்காந்து கோழிய கடிப்பேன். வெறுப்பேத்தத்தான். இப்ப நெனைச்சா அந்த கோழி நெஞ்சுல நிக்குது.

எனக்கு சந்தேகம் வந்துருச்சு. இது எங்கயோ திருட்டுத்தனமா திங்குது. இல்லாட்டி எப்படி ஏறும்? ஒரு நாள் குப்பைல பிஸ்கட் கவர் ஒன்னு பாத்தேன். அம்மாகிட்ட ஒன்னும் கேக்கல. நேரா கீழ எறங்கி, அஞ்சு மணி பார்லிமெண்டுக்கு போயி, மேல நிக்கிற அம்மாவுக்கும் கேக்குற மாதிரி கத்துனேன்: "அக்கா, உங்க தலைவி கட்சி மாறிட்டாங்க! மேல பட்டினி போராட்டம், உள்ள பிஸ்கட் பார்ட்டி!"

எல்லாரும் சிரிச்சாங்க. நல்லா சிரிச்சாங்க. நான் அண்ணாந்து பாத்தேன், அம்மா செவுத்துக்கிட்ட இல்ல.

அந்த பிஸ்கட் நான் தின்னது. முந்தின நாள் டீவி பாத்துக்கிட்டே முழு பாக்கெட்டையும் முடிச்சுட்டு கவர நானே குப்பைல போட்டுருக்கேன். குளிக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. வெளிய வந்து சொல்லலாம்னு நெனைச்சேன். அம்மா மீன் கழுவிக்கிட்டு இருந்துச்சு, எனக்குத்தான் மீனு. சொல்லல. அடுத்த பத்து நாளு அம்மா அஞ்சு மணிக்கு வெளிய வரல. பவுடரும் போடல. முதல் மாடி அக்கா என்ன படில புடிச்சு, "ஏன்டா தம்பி, ஒன் வாய்க்கு பூட்டு கெடைக்காதா?"ன்னு கேட்டாங்க. "ஆர்டர் குடுத்துருக்கேன்கா, சைஸ் இல்லையாம்"னேன். அப்பவும் வாய் சும்மா இல்ல.

போன வருஷம் கடைசில ஒரு கிளினிக் நாளு. புது டாக்டர், சின்ன வயசு மலாய்க்கார பொண்ணு. கம்ப்யூட்டர பாத்துச்சு, அம்மாவ பாத்துச்சு. அம்மாவ அத்தைன்னு கூப்புட்டு மலாய்ல கேட்டுச்சு, "மக்சிக், உண்மைய சொல்லுங்க. மருந்து சாப்புடுறீங்களா, சாப்புடலையா?"

"சாப்புடுறேன்."

"தெனமும்?"

"தெனமும். ஒரு நாளு விட்டதில்ல."

டாக்டர் என்ன பாத்துச்சு. நம்பாத பார்வை. மரியாதையாத்தான் பாத்துச்சு, ஆனா நம்பல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நானும் லேசா தோள குலுக்குனேன். யாருக்கு தெரியும்ங்கிற மாதிரி. அம்மா அத பாத்துருச்சு. வீட்டுக்கு வரும்போது மூனாவது மாடில மூச்சு வாங்க நின்னப்ப, "தோட்டத்துல முப்பது வருஷம் வேலை செஞ்சேன். தண்டல்கிட்ட கூட ஒரு பொய் சொன்னதில்ல"ன்னு சொல்லுச்சு. தண்டல்னா வெளிக்காட்டுல நின்னு வேலை வாங்குறவரு.

அடுத்த நாளு கடைக்கு லீவு போட்டேன். அம்மாவுக்கு சொல்லல. காலைல அம்மா எந்திரிக்கிற சத்தம் கேட்டதும் கதவு சந்துல கண்ண வெச்சேன், போலீஸ்காரன் மாதிரி. அம்மா அஞ்சு மணிக்கு எந்திரிக்கும். தோட்டத்து பழக்கம். அங்க அஞ்சரைக்கு பெரட்டு, எல்லாரும் வரிசைல நின்னு பேர் குடுக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு தேத்தண்ணி. பசியாறுறதெல்லாம் அப்பறம், ஒம்போது பத்து மணிக்கு, மரத்தடில டப்பாவ தொறந்து. அதனால எங்க ஆளுங்களுக்கு தேத்தண்ணிங்கிறது சாப்பாட்டுல சேராது. தேத்தண்ணி குடிச்சாச்சு, இன்னும் பசியாறலம்பாங்க.

அம்மா தண்ணி கொதிக்க வெச்சுச்சு. தேயில போட்டுச்சு. டின்ன தொறந்து மாவு பால் ரெண்டு கரண்டி போட்டுச்சு. எலும்புக்கு நல்லதுன்னு நான் வாங்கி குடுத்த பாலு அது. கலக்குச்சு. சீனி டப்பாவ தொடல. மாத்திரைய பிதுக்கி வாயில போட்டு, பால் தேத்தண்ணிய ஊதி ஊதி குடிச்சு முழுங்குச்சு. மூஞ்சி சுருங்கி போச்சு, கசாயம் குடிக்கிற மாதிரி.

நான் வெளிய வந்துட்டேன். "என்னம்மா செய்ற?"

"ஐயோ பேயே! என்னடா இது, பூன மாதிரி நிக்கிற?"

"மாத்திரைய ஏன் தேத்தண்ணில போடுற?"

"வேற எதுல போடுறது? நீதானேடா சொன்ன."

"நான் எப்ப சொன்னேன்?"

"மருந்து வாங்கிட்டு வந்து சொன்னியே. பசியாறுறதுக்கு முன்னாடி போடணுமாம், கோசோங்கா குடிக்கணுமாம்னு. கோசோங்காத்தான் குடிக்கிறேன். மூனு வருஷமாச்சு வாய்ல சீனி பட்டு."

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. சத்தமா சிரிச்சுட்டேன். ஒரு அஞ்சு வினாடி இருக்கும். அப்பறம் அந்த கவுண்டர் ஞாபகம் வந்துச்சு.

அன்னிக்கு கவுண்டர்ல இருந்த பொண்ணு மருந்து பையில எழுதிக்கிட்டே சொல்லுச்சு, "பெருட் கோசோங் யா, பாங்." வெறும் வயித்துல, அண்ணேன்னு அர்த்தம். இன்னும் என்னென்னவோ சொல்லுச்சு, வெறும் தண்ணி, அர மணி நேரம், பால் கூடாது. நான் போன்ல பந்து பாத்துக்கிட்டு இருந்தேன். பெனால்டி. அன்னிக்கு மண்டைல ஒரு கோசோங்குதான் நின்னுச்சு. அம்மாகிட்ட வந்து அந்த கோசோங்க அப்படியே தூக்கி போட்டேன், பந்த விட்டு கண்ண எடுக்காம. பெருட்ட, அதாவது வயித்த, விட்டுட்டேன். எந்த கடைல போய் தே கோசோங்னு கேட்டாலும் சீனி போடாத தேத்தண்ணிதான் வரும். அம்மா வேற எத நெனைக்கும்? மூனு கரண்டி சீனி போட்டு குடிக்கிற ஆளு. மருந்துக்காக அந்த சீனிய விட்டுருச்சு. அது விட்டது சீனிய. விட வேண்டியது பால.

அங்கயே சொல்லிருக்கலாம். அம்மா, தப்பு என் மேலன்னு. வாய தொறந்தேன், வந்தது வேற. "இனிமே வெறும் பச்ச தண்ணில போடும்மா. போட்டுட்டு அர மணி நேரம் ஒன்னும் குடிக்காத. புது சட்டம்."

"யாரு போட்ட சட்டம்?"

"கவர்மெண்டு."

"அவனுங்களுக்கு வேற வேலை இல்ல." ஆனா மறு நாளு அப்படியே செஞ்சுச்சு. தேத்தண்ணிய கலக்கி எதுக்க வெச்சுக்கிட்டு, செவுத்து கடியாரத்த பாத்துக்கிட்டு அர மணி நேரம் உக்காந்துருக்கும். ஆறி போயிடும். ஆறினத குடிக்கும். அப்பவும் சீனி போடாது. நானும் போடச் சொல்லல. சொன்னா, ஏன் இப்ப மட்டும்னு கேக்கும்ல.

டாக்டர்கிட்டயும் சொல்லல. அடுத்த அப்பாயிண்ட்மெண்டு நாலு மாசத்துக்கு அப்பறம். போன் பண்ணி சொல்லலாம். என்னன்னு சொல்றது? நான் பந்து பாத்தேன்னா? தோள குலுக்குனேன்னா?

மெஷின் எறங்க ஆரம்பிச்சுச்சு. மொத மாசம் மூனு கிலோ. ரெண்டாவது மாசம் இன்னும் நாலு. அம்மா கண்ண தொறந்துக்கிட்டே மெஷின் மேல ஏற ஆரம்பிச்சுச்சு. ஸ்வெட்டர் பீரோக்குள்ள போச்சு. ஃபேன் அஞ்சுல சுத்துச்சு. குரலு தெளிஞ்சுச்சு. வீட்டுல பாட்டு சத்தம் கேட்டுச்சு. அஞ்சு மணிக்கு பவுடர் போட்டு மறுபடியும் காரிடோர்ல நின்னுச்சு, கீழ இருக்குறவங்ககிட்ட, "ஏழு கிலோ!"ன்னு வெரல காட்டுச்சு. நான் ராஜா மாதிரி திரிஞ்சேன். தப்ப நானே கண்டுபுடிச்சு நானே சரி பண்ணிட்டேன்னு எனக்குள்ள ஒரு மெதப்பு.

கை நடுங்குனத பாத்தேன். தேத்தண்ணி கோப்ப தட்டுல டக்டக்குன்னு ஆடும். "என்னம்மா, வைப்ரேஷன் மோட்ல போட்டுருக்கியா?"ன்னு கேட்டேன். வேர்த்து வேர்த்து ஊத்துச்சு. தூக்கம் கொறஞ்சுச்சு. நெஞ்சு படபடங்குறது அம்மாவுக்கு தெரிஞ்சுருக்கு. ஒரு வார்த்த சொல்லல. எறங்குற கிலோவ யாராச்சும் நிப்பாட்டிருவாங்களோன்னு பயம். இத அப்பறம்தான் சொல்லுச்சு.

டயருக்கு தெனமும் காத்து எறங்குதுன்னா, ஒருத்தன் தெனமும் கூட கூட அடிப்பான். ஓட்டைய கண்டுபுடிச்சு அடைச்சுட்டா, அடிக்கிற காத்த கொறைக்கணும். இல்லாட்டி வெடிச்சுரும். இத தெரிஞ்சுக்க டாக்டருக்கு படிக்க வேணாம். எட்டு வருஷமா நான் செய்ற வேலை அது. மாத்திரை உடம்புல ஒழுங்கா சேராம இருந்தப்ப கூட்டிக் கூட்டி குடுத்த மருந்து, பால நிறுத்துனதும் முழுசா சேர ஆரம்பிச்சுருச்சு. எனக்கு தோணல.

எண்பத்தி ஒம்போது கிலோவுக்கு வந்த வாரம். ஞாயித்துக்கெழமை சாயங்காலம். அம்மா பவுடர் போட்டுட்டு வந்து, "டேய், நான் எறங்க போறேன்"னுச்சு.

"எங்க?"

"பெஞ்சுக்கு. ஆப்பரேஷனுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் போட்டு பாக்குறேன். நீ முன்னாடி போ. விழுந்தா ஒன் மேல விழுறேன்."

"அப்ப ரெண்டு ஆப்பரேஷன்."

நான் முன்னாடி, ஒவ்வொரு படியா பின்னால நடந்து, ரிவர்ஸ் எடுக்குற லோரிக்கு கை காட்டுற மாதிரி கை காட்டிக்கிட்டே எறங்குனேன். "வா, வா, வா, லெஃப்ட் ஒடி, போதும் போதும்." அம்மா சிரிச்சுக்கிட்டே எறங்குச்சு. கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படிக்கும் "முருகா"ன்னுச்சு. மூனாவது மாடி. ரெண்டாவது மாடி. கீழ பெஞ்சுல இருந்தவங்களுக்கு வெஷயம் தெரிஞ்சு போய், "தலைவி வர்றாங்கடி"ன்னு கை தட்டுற சத்தம் கேட்டுச்சு.

ரெண்டாவது மாடி திருப்பத்துல அம்மா நின்னுச்சு. நான் இன்னும் கை காட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். "என்ன, எஞ்சின் ஆஃப் ஆயிருச்சா?"ன்னேன். அம்மா நெஞ்சுல கைய வெச்சுச்சு. மூஞ்சி வேர்த்து பவுடர் கோடு கோடா எறங்குச்சு. அப்படியே படில உக்காந்துருச்சு. நான் கழுத்துல கைய வெச்சு பாத்தேன். துடிப்பு ஒரு வரிசைல இல்ல. ஓடுது, நிக்குது, தடுக்குது, மறுபடியும் ஓடுது. கீழ இன்னும் கை தட்டிக்கிட்டு இருந்தாங்க.

ஆம்புலன்ஸ்காரங்க நாற்காலில கட்டி தூக்கிக்கிட்டு எறங்குனாங்க. பெஞ்ச தாண்டித்தான் போனாங்க. எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. அம்மா கண்ண மூடிக்கிச்சு.

ஆஸ்பத்திரில இதயம் தாளம் தப்பிருச்சுன்னாங்க. ரத்தத்துல தைராய்டு மருந்து அளவுக்கு மீறி இருக்கு. "மருந்து சாப்புடுற முறைய எப்பயாச்சும் மாத்துனீங்களா?"ன்னு டாக்டர் மலாய்ல கேட்டாரு. கட்டில்ல அம்மா, வயர் எல்லாம் ஒட்டி. நான் பக்கத்துல. அப்பதான் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், கவுண்டரு, பந்து, கோசோங்கு, பாலு, சட்டம். மலாய்ல சொன்னேன், அம்மாவுக்கு வெளங்காதுன்னு இல்ல. முப்பது வருஷம் தோட்டத்துல இருந்த பொம்பளைக்கு என்ன விட நல்லா மலாய் தெரியும். அன்னிக்கு கவுண்டருக்கு அது போயிருந்தா ஒரு வார்த்த மாறிருக்காது.

டாக்டர் எழுதிக்கிட்டு போயிட்டாரு. அம்மா மேல ஃபேன பாத்துக்கிட்டே படுத்துருந்துச்சு. திட்டும்னு பாத்தேன். அறையும்னு பாத்தேன். கடைசில கேட்டுச்சு:

"அப்ப சீனி போட்டு குடிச்சிருக்கலாமாடா?"

நான் கட்டில் கம்பிய புடிச்சுக்கிட்டேன்.

"அர மணி நேரம் கழிச்சு, சீனி போட்டு?"

"கொஞ்சமா போட்டுருக்கலாம்மா."

"ம்"னுச்சு. அந்தப் பக்கம் திரும்பி படுத்துக்கிச்சு. எனக்கு வேடிக்கையா ஒரு வார்த்த வரும், எப்பவும் வரும். அன்னிக்கு வாய் முழுக்க தேடிப் பாத்தேன், ஒன்னும் இல்ல.

மாத்திரைய பாதியா கொறைச்சாங்க. ரத்தம் உறையாம இருக்க வேற மருந்து. முட்டி டாக்டர்கிட்ட போனோம். அவரு நல்ல மனுசன், நேரம் எடுத்து பேசுனாரு. இதயம் பலவீனமா இருக்கு, மயக்க மருந்து குடுக்குற டாக்டர் ஒத்துக்க மாட்டேங்குறாரு, எடையும் திரும்ப ஏறுது. பாப்போம்னாரு. எப்பன்னு நான் கேட்டேன். பாப்போம்னுதான் மறுபடியும் சொன்னாரு. அம்மாதான் எனக்கு முன்னாடி எந்திரிச்சு, "தெரிமா காசே, டாக்டர்"னு நன்றி சொல்லிட்டு கைத்தடிய ஊனிக்கிட்டு நடந்துச்சு.

ரத்த டெஸ்ட் இப்ப ஒழுங்காத்தான் வருது. மாத்திரை ஒழுங்காத்தான் போகுது. கிலோ மட்டும் எறங்கல, முன்ன எறங்குனது கூடிப்போன மருந்து எறக்குனது. ஒழுங்கா மருந்து சாப்புட்டா எல்லாம் கொறஞ்சுடும்னு நெனைச்சோம். ஒடம்பு சரியாச்சுன்னா உப்பலு வடியும், கொழுப்பு தானா போகாதாம், நடக்கணுமாம். நடக்குறதுக்குத்தானே முட்டி வேணும், முட்டிக்குத்தானே கிலோ எறங்கணும்னு நான் அந்த சின்ன டாக்டர் பொண்ணுகிட்ட கேட்டேன். அது என்ன பாத்துச்சு, அப்பறம் மேசைய பாத்துச்சு. போன வாரம் தொண்ணூத்தி அஞ்சு. மெஷின கட்டிலுக்கு அடில தள்ளி வெச்சுட்டேன்.

தேத்தண்ணில அர கரண்டி சீனி நான்தான் இப்ப போட்டு குடுக்குறேன். மொத நாளு ஒரு வாய் குடிச்சுட்டு, "தெகட்டுதுடா"ன்னு வெச்சுருச்சு. மூனு வருஷத்துல நாக்கு மாறி போச்சு.

லோரின்னு கூப்புட வர மாட்டேங்குது. ஒரு நாளு அம்மாவே கேட்டுச்சு, "என்னடா, சத்தத்த காணோம். லோரி ஸ்க்ராப்புக்கு போயிடுச்சா?" நான் சிரிச்சேன். சிரிச்ச மாதிரி செஞ்சேன். பெஞ்சுல இப்ப முதல் மாடி அக்காதான் தலைவி. மேல பாத்து கை ஆட்டுறாங்க. முன்ன மாதிரி கத்தி பேசுறதில்ல.

போன வெள்ளிக்கெழமை வேலை முடிஞ்சு வந்தேன். அம்மா காரிடோர்ல நின்னு வாளிய தூக்கிக்கிட்டு இருந்துச்சு. பூவும் ரெண்டு முருங்கைக்காயும். மேல வந்ததும் வாளிய கீழ வெச்சுட்டு, கயித்த கைல எடுத்து வெளிச்சத்துல பாத்துச்சு. செவுத்து முனைல உரசி உரசி நீலக் கலரு வெளுத்து, நூலு நூலா பிரிஞ்சு நின்னுச்சு.

"டேய், நாளைக்கு வரும்போது கயிறு ஒன்னு வாங்கிட்டு வா."

"சரிம்மா."

"இந்த தடவ நல்லா தடிப்பா பாத்து வாங்கு. அடிக்கடி மாத்துற மாதிரி வேணாம்."